திர்ஃபல் போட்டுச் சமைப்பது: நாக்கை மரக்க வைக்கும் கொங்கணக் காய்க்கு முழுமையான வழிகாட்டி

ரத்னகிரி தொடங்கி கோவா, கார்வார் வழியாக மங்களூர் வரை, மேற்குக் கரையின் கானாங்கெளுத்திக் குழம்பில் வாய் பிளந்த பழுப்பு ஓடுகள் சில மிதக்கும். மராட்டியத்திலும் கோவாவிலும் அதன் பெயர் திர்ஃபல். மங்களூர்ப் பக்கக் கொங்கணியில் தெப்பல், கன்னடத்தில் ஜும்மனகாய். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானாக வளரும் முள்மரத்தின் காய் அது. எலுமிச்சையும் நாரத்தையும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். தாவரவியல் பெயர் சாந்தாக்சைலம் ரெட்சா. சீனச் சமையலில் வரும் சிச்சுவான் மிளகு இதே பேரினத்தின் வேறு இனம். நம் கறுப்பு மிளகுக்கும் இவை இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

முதன்முறை சமைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மசாலா என்றதும் வறுத்து, மற்ற சாமான்களோடு மிக்ஸியில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். குழம்பு கசந்துபோகிறது, நாக்கு முழுக்க மரத்து மீனின் ருசியே தெரியாமல் போகிறது. திர்ஃபல் அரைக்கும் சரக்கு அல்ல. ஓட்டை லேசாகத் தட்டி, குழம்பு கொதித்து முடியும் கட்டத்தில் போட்டு, மூடி வைத்து, சாப்பிடும்போது ஒதுக்கிவிட வேண்டிய சரக்கு. கீழே வரும் அளவும் நேரமும் எல்லாம் இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்காகத்தான்.

வாயில் என்ன நடக்கிறது

சித்த மருந்துக் கடை அக்கரகாரத்தை எப்போதாவது மென்றிருந்தால் இந்த உணர்ச்சி உங்களுக்குப் புதிதல்ல. முதலில் எலுமிச்சைத் தோல் மணம், அடுத்து லேசான கசப்பு, அரை நிமிடத்துக்குள் நாக்கு நுனியிலும் உதட்டிலும் குறுகுறுப்பு, வாய் நிறைய எச்சில், கடைசியில் மரமரப்பு.

இதற்குக் காரணம் சான்ஷூல் என்ற வகைப் பொருள்கள். மிளகாயின் காரம் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. சான்ஷூல் வேலை செய்வது தொடுதலை உணரும் நரம்புகளில். 2013இல் லண்டனில் சிச்சுவான் மிளகை உதட்டில் தடவிச் சோதித்துப் பார்த்தார்கள். வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்வதுபோல உதடு உணர்ந்தது. உண்மையில் உதடு அசையவே இல்லை.

அடுப்படிக்கு வேண்டிய செய்தி இரண்டு. சான்ஷூல் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தேங்காய் அரைத்த குழம்பில் திர்ஃபல் எடுபட்டு, வெறும் ரசத்தில் போட்டால் சோர்ந்துவிடுவது அதனால்தான். இரண்டாவது, வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் அது சிதைந்துபோகும். பொடித்து டப்பாவில் அடைத்த திர்ஃபல் சில வாரங்களிலேயே வெறும் மரத்தூளாகிவிடும். பொடியை வாங்கவே வேண்டாம்.

வாங்கும்போது

இணையத்தில் தேடினால் பாதிக்கு மேல் திரிபலா சூரணம்தான் வந்து நிற்கும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த அந்த மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொங்கணக் கடைக்காரர்களே சிலர் பொட்டலத்தில் ‘திரிபல்’ என்று எழுதிவிடுவதால் குழப்பம் கூடுகிறது. படத்தைப் பார்த்து, முழுக் காயாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கோவாவில் மாப்புசா வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் மற்ற சந்தைகளிலும் கிடைக்கும். மங்களூர், உடுப்பி, கார்வார் மளிகைக் கடைகளிலும், பெங்களூரு, மும்பையில் மங்களூர்ச் சாமான் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

நல்ல சரக்கு பழுப்பு நிறத்தில், பட்டாணி அளவில், ஒரு பக்கம் வெடித்திருக்கும். வெளித்தோலில் எண்ணெய்ப் பைகள் புள்ளி புள்ளியாகப் புடைத்துத் தெரியும். காய்க்கு ஒன்றாக, உள்ளே கறுத்து மினுங்கும் விதை இருக்கும். அந்த விதைக்கு மணமும் கிடையாது, மரமரப்பும் கிடையாது. கடித்தால் மணலைக் கடித்ததுபோல நறநறக்கும். விதையும் காம்பும் நிறைந்த பொட்டலத்தில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் குப்பைக்கு. விதை நீக்கியது சற்று விலை கூடினாலும் அதுவே லாபம். 50 கிராம் வாங்கினால் மாதம் இரண்டு மூன்று முறை சமைக்கும் வீட்டுக்கு ஒரு வருடம் தாராளமாக வரும்.

பழசா புதுசா என்று பார்க்க, ஓட்டில் கால்வாசியைக் கிள்ளி முன்பல்லால் மென்று பாருங்கள். எலுமிச்சை மணமும் குறுகுறுப்பும் ஒரு நிமிடத்துக்குள் வந்தால் நல்ல சரக்கு. கசப்பு மட்டும் வந்தால் தீர்ந்துபோன சரக்கு. அதை இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்ட நினைக்காதீர்கள், கசப்புதான் இரட்டிப்பாகும்.

காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தின் பின்பாதியில், பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி, கோவாச் சந்தைகளில் பச்சைத் திர்ஃபல் கொத்தாக வரும். மணம் தூக்கலாகவும் கசப்பு குறைவாகவும் இருக்கும் அதை, கிடைத்தால் விடாதீர்கள். காம்பு நீக்கி, துடைத்து, உறைபெட்டியில் வைத்தால் அடுத்த சதுர்த்தி வரை தாங்கும்.

தயார் செய்வதும் அளவும்

1. வேண்டிய ஓடுகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூன் கணக்கு இதற்கு ஒத்துவராது. ஓடு பெரிதும் சிறிதுமாக இருக்கும்.

2. வெடித்த வாய் வழியே பார்த்து விதை இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். காம்பை ஒடித்துப் போடுங்கள்.

3. இரண்டு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறட்டும். காய்ந்த ஓடு கட்டை போல இருக்கும். ஊறினால்தான் உடைந்து சிதறாமல் நசுங்கும்.

4. இடிகல்லில் போட்டு, ஓட்டுக்கு ஓரிரு தட்டு. எண்ணெய்ப் பை உடைந்து மணம் மூக்குக்கு எட்டியதும் நிறுத்திவிடுங்கள். ஓடு முழுசாக, கையால் எடுத்து ஒதுக்கும்படி இருக்க வேண்டும்.

5. ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வறுக்கும் வேலை இங்கே இல்லை. சிச்சுவான் மிளகை வெறும் வாணலியில் வறுப்பதைப் பார்த்துவிட்டு இதையும் வறுப்பவர்கள் உண்டு. கொங்கண முறையில் மணத்துக்காகவே இதைப் போடுகிறோம், வறுத்தால் அந்த மணம் அடுப்போடு போய்விடும்.

ஆளுக்கு இரண்டு ஓடு, பழகியவர்களுக்கு மூன்று. நால்வருக்கான குழம்பில் 8 போட்டால் மென்மையாக இருக்கும், 10 சரியாக இருக்கும். 12ஐத் தாண்டினால் மருந்து வாடை வரும். பச்சைக் காயானால் ஒன்றரை மடங்கு வரை போகலாம். இரட்டிப்பு ஆட்களுக்குச் சமைக்கும்போது தேங்காயை இரட்டிப்பாக்குங்கள், திர்ஃபலை ஒன்றரை மடங்கோடு நிறுத்துங்கள். குழம்பு ஆறும்போதும் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கானாங்கெளுத்தி திர்ஃபல் குழம்பு

குமரிக்காரர்களின் அயிலைதான் கோவாவின் பாங்கடா. கொழுப்பு நிறைந்த மீனுக்கே திர்ஃபல் பொருந்தும். கானாங்கெளுத்தியும் மத்தியும் முதல் தேர்வு. விளமீன், வாவல் போன்ற மென்மையான வெள்ளைச் சதை மீனில் போட்டால் மீனை அமுக்கிவிடும். சுறாவுக்கு ஓரளவு சரிவரும்.

நால்வருக்கு:

நடுத்தரக் கானாங்கெளுத்தி 4 (சுத்தம் செய்தபின் அரைக் கிலோ அளவு), தேங்காய்த் துருவல் ஒன்றரைக் கப், பேடகி மிளகாய் 8 முதல் 10, மல்லி விதை 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், சிறிய கோலி அளவு புளி, கொக்கம் (புளிப்புக்குப் போடும் காய்ந்த பழத்தோல்) 4 இதழ், திர்ஃபல் ஓடு 8 முதல் 10, கல்லுப்பு ஒன்றேகால் டீஸ்பூன், தேங்காய் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன்.

பேடகி கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய். குண்டு மிளகாயோ சம்பா மிளகாயோ போட்டால் நிறம் குறைந்து காரம் ஏறிவிடும். காரம் மிஞ்சினால் மரமரப்பு தனியாகத் தெரியாது, வாய் எரிகிறது என்று மட்டும்தான் தோன்றும். கொக்கத்துக்குப் பதில் குடம்புளி போடுவதானால் இரண்டு சிறு துண்டு போதும். புகை வாடை கொஞ்சம் வரும், கெட்டுப்போகாது. மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்துவிட்டு, புளிப்பான மாங்காய் நான்கு கீற்றுப் போடுவது எல்லாவற்றிலும் நன்றாக இருக்கும்.

1. மீனைக் குடல் நீக்கி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அது தங்கினாலும் குழம்பு கசக்கும், பழி திர்ஃபல் மேல் விழும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று துண்டாக்கி, அரை டீஸ்பூன் உப்புப் புரட்டி 15 நிமிடம் வையுங்கள். மீதி உப்பு குழம்புக்கு.

2. மிளகாயைக் காம்பு நீக்கிக் கொதிநீரில் 20 நிமிடம் ஊற வையுங்கள்.

3. தேங்காய், ஊறிய மிளகாய், மல்லி, மஞ்சள், புளி எல்லாவற்றையும் முக்கால் கப் தண்ணீரோடு அரையுங்கள். எதையும் வறுக்கத் தேவையில்லை. விரலிடையில் தேய்த்தால் சந்தனம் போலிருக்க வேண்டும். கொரகொரப்பாக அரைத்தால் தேங்காய்க் கொழுப்பு வெளியே வராது. குழம்பு தண்ணீர் ஒருபக்கம், சக்கை ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கும். மிக்ஸி சூடேறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்.

4. வாய் அகன்ற மண்சட்டியில் விழுதை ஊற்றி, மிக்ஸியை முக்கால் கப் தண்ணீர் விட்டு அலசிச் சேருங்கள். மீதி உப்பைப் போட்டு நடுத்தரத் தீயில் கொதி வந்தபின் 5 நிமிடம். மல்லியின் பச்சை வாடை போக வேண்டும். மீன் போட்டபின் அதற்கு நேரம் கிடைக்காது.

5. தட்டிய திர்ஃபலை ஊறிய தண்ணீரோடு சேர்த்து 2 நிமிடம் கொதிக்க விடுங்கள். முதலிலேயே போட்டு முழுநேரமும் கொதிக்க வைத்தால் மணம் ஆவியாகி, ஓட்டின் கசப்பு மட்டும் இறங்கும். இறக்கும்போது போட்டால் மணம் மேலாக நின்றுவிடும், தேங்காய்க்குள் கலக்காது. மீனுக்கு முன், இரண்டு நிமிடம் என்பதே சரியான இடம்.

6. மீன் துண்டுகளை ஒரே அடுக்காக வைத்து, கொக்கத்தையும் போட்டுத் தீயைக் குறையுங்கள். 6 முதல் 7 நிமிடம். கரண்டி போடாதீர்கள்; சட்டியின் இரு காதையும் பிடித்துச் சுற்றிவிட்டால் போதும். பெருந்தீயில் தளதளவென்று கொதித்தால் புளிப்பும் தேங்காயும் சேர்ந்து திரிந்துவிடும்.

7. அடுப்பை அணைத்ததும் பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே வட்டமாக ஊற்றி உடனே மூடுங்கள். எண்ணெய் வாசனைக்கு மட்டுமல்ல, திர்ஃபலின் சாரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான்.

8. அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். இறக்கியவுடன் ருசி பார்த்தால் திர்ஃபல் பற்றவில்லை என்றுதான் தோன்றும். அதை நம்பி இன்னும் நாலு தட்டிப் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் கசந்துவிடும்.

தாளிப்பு கிடையாது. கடுகு, கறிவேப்பிலை, பூண்டு, பெருங்காயம் எதுவும் வேண்டாம். தாளிக்காமல் இறக்கினால் குழம்பு முடியவில்லை என்று நம் கைக்கு உறுத்தும், ஆனாலும் விட்டுவிடுங்கள். மங்களூர்க் கௌட சாரஸ்வதர் சமையலில் இது கறாரான கணக்கு: தேங்காய், மிளகாய், புளி அரைத்த விழுது பல குழம்புக்கும் ஒன்றுதான். பூண்டு தாளித்தால் ஒரு குழம்பு, பெருங்காயம் கரைத்துவிட்டுப் பச்சை எண்ணெய் ஊற்றினால் ஒரு குழம்பு, கடுகு கறிவேப்பிலை போட்டால் இன்னொன்று, தெப்பல் போட்டால் வேறொன்று. மணம் ஒன்றுதான் ஆள வேண்டும். வெங்காயம் அரைத்துச் சேர்ப்பவர்கள் மால்வண் பக்கம் இருக்கிறார்கள். சேர்த்தால் இனிப்புத் தட்டும், புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு இதற்கு நல்ல ஜோடி. கேரள மட்டை அரிசியும் பொருந்தும். மறுநாள் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் ராத்திரி எடுத்து வைக்கும்போது பாதி ஓடுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கொக்கத்தையும் எடுத்துவிடலாம், புளிப்பு ஏறாது.

மீன் கெட்டிருந்தால் நாக்கு பொய் சொல்லும்

இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவை பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்தால் உடலில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அப்படிப்பட்ட மீனைத் தின்றால் வாயில் காரமும் குறுகுறுப்பும் வரும், திர்ஃபல் தரும் உணர்ச்சிக்கு ஏறத்தாழ அதே சாயல். கூடவே முகம் சிவந்து சூடேறுவது, தலைவலி, படபடப்பு, தடிப்பு, வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதேனும் வந்தால் அது மசாலாவின் வேலை அல்ல. சாப்பிடுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். திர்ஃபல் மீன் வாடையை மறைப்பதில் கெட்டிக்காரக் காய். அதனால் மீனை வாங்கும்போதே செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பாருங்கள், வயிறு விறைப்பாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

தெரியாமல் யாராவது ஓட்டைக் கடித்துவிட்டால் பயம் வேண்டாம், சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். தண்ணீர் குடித்துப் பயனில்லை. தயிர்ச்சோறு நாலு வாய் சாப்பிட்டால் சீக்கிரம் தெளியும். குழந்தைகளுக்குப் பரிமாறும்போது ஓடுகளை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

கத்கதே: சதுர்த்திக்குச் செய்யும் காய்கறிக் குழம்பு

மீன் சாப்பிடாதவர்கள் திர்ஃபலை அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. கோவாவின் இந்து வீடுகளில் பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்வது. வெங்காயம், பூண்டு இல்லை. ஏழுகறிக் கூட்டுக்கு வறுத்து அரைத்துப் பழகிய கை, இங்கே வறுக்காமல் அரைக்கப் பழக வேண்டும்.

ஐந்தாறு பேருக்கு: துவரம்பருப்பு அரைக் கப், சேனை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, பூசணி, முள்ளங்கி, முருங்கைக்காய், சோளக்கதிர் என ஐந்து வகைக்குக் குறையாமல் நறுக்கிய காய் 5 கப். அரைக்க ஒரு கப் தேங்காய்த் துருவல், 6 பேடகி மிளகாய், அரை டீஸ்பூன் மஞ்சள். திர்ஃபல் 10 ஓடு, கொக்கம் 5, பொடித்த வெல்லம் ஒன்றரை டேபிள்ஸ்பூன், உப்பு.

1. பருப்பைத் தனியே வேக வையுங்கள். குழைய வேண்டும், ஆனால் கடைய வேண்டாம்.

2. காய்களை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக்குங்கள். சேனையும் சோளமும் முதலில், 8 நிமிடம் கழித்து முள்ளங்கி, வாழைக்காய், முருங்கை, இன்னும் 5 நிமிடம் கழித்து சர்க்கரைவள்ளி, பூசணி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பூசணி கரைந்து, சேனை கல்லாக நிற்கும். குக்கர் வேண்டாம்.

3. காய் முக்கால் வேக்காட்டில் பருப்பையும் நைசாக அரைத்த விழுதையும் உப்பையும் சேருங்கள். கொதி வந்ததும் 4 நிமிடம்.

4. தட்டிய திர்ஃபல், கொக்கம், வெல்லம். சிறு தீயில் 5 நிமிடம். வெல்லத்தை முன்னதாகப் போட்டால் காய் வேகாமல் இறுகும், அடியும் பிடிக்கும்.

5. அணைத்து மூடி 20 நிமிடம். விருப்பப்பட்டால் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்.

குழம்பு ஊற்றும் பதத்தில் இல்லாமல் கரண்டியில் நிற்க வேண்டும். முள்ளங்கியை விட்டுவிடாதீர்கள், அதன் வாடையும் திர்ஃபலின் மணமும் சேர்ந்துதான் இந்தக் குழம்பை வெறும் இனிப்புக் கூட்டிலிருந்து காப்பாற்றுகின்றன.

இதே விழுதில் வெல்லத்தையும் பருப்பையும் விட்டுவிட்டு, கோலி அளவு புளி சேர்த்து அரைத்தால் காய்ந்த பட்டாணி, உருளைக்கிழங்குக் குழம்புக்கு ஆயிற்று. காளான், கறிப்பலா, மூங்கில் குருத்து எல்லாமே தாங்கும். கீரையிலும் வெண்டையிலும் வேண்டாம். கோவாவின் உத்தமேத்தி போல உளுந்தும் வெந்தயமும் வறுத்து அரைக்கும் குழம்பில் போடுவதானால் திர்ஃபலைப் பாதியாக்குங்கள். வெந்தயத்தின் கசப்பும் ஓட்டின் கசப்பும் கைகோத்துக்கொள்ளும்.

கிடைக்காவிட்டால்

சிச்சுவான் மிளகு ஓரளவு ஈடுகொடுக்கும். அதன் ஓடு சிறிது, மரமரப்பு அதிகம். நால்வருக்கு 8 முதல் 10 ஓடு போதும். வறுக்காமல், மெல்லிய துணியில் முடிந்து போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். மணம் பூவாசனையாக இருக்கும், திர்ஃபலின் காட்டு வாடை வராது. கறுப்பு மிளகோ வால்மிளகோ மாற்று ஆகாது. அவற்றில் காரம் உண்டு, இந்தக் குறுகுறுப்பு இல்லை. சிச்சுவான் மிளகும் கிடைக்கவில்லை என்றால் பூண்டு தாளித்து வேறு குழம்பாக முடிப்பதே நேர்மையான வழி.

மலைப்பக்கத்து உறவு: டிமூர்

உத்தராகண்ட், சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் இதன் நெருங்கிய உறவான சாந்தாக்சைலம் அர்மாட்டம் விளைகிறது. பெயர் டிமூர். உத்தராகண்டில் அதன் குச்சியால் பல் துலக்குவதும் உண்டு. அசாமில் மேஜெங்கா என்று இன்னொரு உறவின் இலையை இறைச்சியோடும் மீனோடும் சமைக்கிறார்கள்.

டிமூருக்குக் கொங்கணச் சட்டம் செல்லாது. இங்கே பொடிக்கலாம், ஏனென்றால் கொதிக்க வைக்கப் போவதில்லை, அளவும் சிட்டிகைதான். டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளும் தக்காளி அச்சார் இதற்கு நல்ல உதாரணம்.

பழுத்த தக்காளி 4ஐத் தணலிலோ தோசைக்கல்லிலோ தோல் கருகச் சுட்டு, தோலை உரியுங்கள். பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 2 இரண்டையும் கூடவே சுடுங்கள். விதை நீக்கிய டிமூர் அரை டீஸ்பூனை வெறும் சட்டியில் 20, 30 வினாடி மட்டும் சூடு காட்டி, அரை டீஸ்பூன் உப்போடு இடிகல்லில் பொடியுங்கள். உப்பின் உரசலில் ஓடு நன்றாகப் பொடியும். பூண்டு, மிளகாய், தக்காளி என்று வரிசையாகச் சேர்த்து இடித்து, ஒரு டீஸ்பூன் கடுகெண்ணெயைப் புகைய விட்டு ஆற்றி ஊற்றுங்கள். கொத்தமல்லி கொஞ்சம்.

முதல் முறை டிமூரைக் கால் டீஸ்பூனாகக் குறைத்துச் செய்து, 10 நிமிடம் கழித்து ருசி பார்த்துக் கூட்டுங்கள். கறுப்பு விதை ஒன்றிரண்டு தப்பி விழுந்திருந்தால் பொடியை வடிகட்டியில் சலித்துவிட்டே தக்காளி சேர்க்க வேண்டும். பிறகு எடுக்க முடியாது. குளிர்பெட்டியில் இரண்டு நாள் இருக்கும், ஆனால் மறுநாளே மரமரப்பு பாதியாகிவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டிய அளவு இடிப்பதே நல்லது.